ராத்திரி மூலிகை டீ குடித்தால் தூக்கம் நன்றாக வருமா?

மூலிகை டீ என்பது தேயிலையே சேராமல் விதை, வேர், பூ, இலை எதையாவது கொதிக்க வைத்து வடிப்பது. நம்ம கொங்குப் பக்கம் நாட்டுச் சர்க்கரை போட்டுக் குடிக்கிற சுக்குமல்லிக் காப்பியும் அந்த வகைதான், காப்பித்தூள் கலக்காதவரை.

பகல் முழுக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தன் இடத்தில் போய் உட்கார்ந்தால்தான் கண் சொக்கும். காந்திபுரத்தில் பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி, டீ, காப்பியில் உள்ள கஃபீன் அந்த இடத்தை முந்திப் பிடித்துவிடும். சாயங்காலம் 6 மணிக்குக் குடித்த கஃபீனில் ஏறக்குறைய பாதி, 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். சுக்குமல்லியில் அந்தத் தொல்லை இல்லை. பெரிய லாபமே அதுதான். அரை டம்ளர் போதும், சொம்பு நிறையக் குடித்தால் நடுராத்திரி எழ வேண்டிவரும்.

கிரீன் டீயையும் மூலிகை டீ என்று நினைத்துப் பலர் படுக்கும் முன் குடிக்கிறார்கள். அதுவும் தேயிலைதான், கஃபீன் உண்டு.