சாக்லேட்டை விடச் சாவிக்கொத்து

கோபம், பயம், அடம் என்று மனமும் நடத்தையும் ஒரு நிலைக்கு வராத பிள்ளைகளைப் பற்றிச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. எல்லாமே பரிசைச் சுற்றித்தான் வருகின்றன.

கேள்வி: ஏழாம் வகுப்புப் பையன். பக்கத்தில் இருப்பவனை அடிக்கிறான், நோட்டைக் கிழிக்கிறான். ஒழுங்காக இருந்த பாடவேளைக்குச் சாக்லேட், பேனா, ஸ்டிக்கர் எல்லாம் கொடுத்தேன். வாங்கிக்கொள்கிறான், ஆனால் மாறவில்லை. (ஆசிரியை, அம்மாபேட்டை)

டீச்சர், அந்தப் பட்டியலைப் போட்டது நீங்கள். அவனைக் கேட்டுப் போட்டதல்ல. ஒன்றைக் கொடுத்த பிறகு நல்ல நடத்தை கூடினால்தான் அதற்கு ஊக்கப்பரிசு என்று பெயர். கூடாவிட்டால் அது வெறும் தின்பண்டம்.

நேராகக் கேட்டாலும் பலர் "ஒன்றும் வேண்டாம்" என்பார்கள். அதனால் ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். இடைவேளையில் எங்கே ஓடுகிறான், எதைப் பிடுங்கினால் கத்துகிறான், யார் அருகில் போய் நிற்கிறான்? அதிலிருந்து ஆறு பொருள்களையோ வேலைகளையோ சீட்டில் எழுதி, இரண்டிரண்டாக நீட்டி "இதுவா, அதுவா?" என்று எடுக்கச் சொல்லுங்கள். ஆறுக்கு 15 ஜோடிகள் வரும். ஒரே மூச்சில் முடிக்காமல், நாளுக்கு ஐந்தாக மூன்று நாள் செய்யலாம். வெய்ன் ஃபிஷரும் சக ஆய்வாளர்களும் கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்காக 1992-ல் வெளியிட்ட முறை இது. நம் வகுப்பறைக்கும் பொருந்துகிறது.

நான் இப்படிச் சோதித்த ஒரு பையன், தேன்மிட்டாய்ச் சீட்டு ஐந்து முறை வந்தும் ஒரே ஒரு முறைதான் அதை எடுத்தான். மாலையில் வகுப்பறைகளைப் பூட்டப் போகும் காவலர் தாத்தாவோடு சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது என்றும் ஒரு சீட்டு எழுதியிருந்தேன். அதை ஐந்து முறையும் எடுத்தான். கடைசி முறை நான் நீட்டி முடிப்பதற்குள் பிடுங்கியே விட்டான். அடிதடி குறைந்தது அந்தப் பத்து நிமிட நடைக்குத்தான். பைசா செலவில்லை.

ஆனால் ஆசையாக எடுத்தான் என்பதாலேயே நம்பிவிடாதீர்கள். இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்து, சண்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் எல்லாம் பரிசு வாங்கியா படித்தோம்? இது லஞ்சம் இல்லையா? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆத்தூர்)

ஐயா, கத்துகிற பிள்ளையின் வாயை அடைக்கப் போனைக் கையில் கொடுக்கிறோமே, லஞ்சம் அதுதான். முயன்று செய்ததற்குப் பின்னால் கொடுப்பது கூலி.

ஆனாலும் உங்கள் அச்சத்தில் நியாயம் உண்டு. மார்க் லெப்பர் குழுவினர் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மழலையர்களிடம் சான்றிதழ் தருவதாகச் சொல்லி வரையவைத்தார்கள். பிறகு அந்தக் குழந்தைகள் தாமாக வரைகிற நேரம் குறைந்துபோனது. பிள்ளை தானாகச் செய்வதற்குப் பரிசு வைக்காதீர்கள்.

கேள்வி: பத்து வயதுப் பெண். கணக்கு வந்தால் நாற்காலியைத் தள்ளிவிடுகிறாள். தண்டனையாக வெளியே நிறுத்துகிறோம். மறுநாளும் அதே கதை. (விடுதிக் காப்பாளர், ஏற்காடு)

அம்மா, வெளியே நிறுத்துவதுதான் அவளுக்குப் பரிசு. உள்ளே வகுத்தல் கணக்கு. வெளியே மஞ்சு இறங்குகிறது, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. நானாக இருந்தாலும் நாற்காலியைத் தள்ளியிருப்பேன்!

அந்த விடுதலையையே அவள் நல்ல வழியில் சம்பாதிக்கட்டும். மூன்று கணக்குப் போட்டால் ஐந்து நிமிடம் வெளியே. தாங்க முடியாதபோது ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினாலும் சிறிது ஓய்வு. பிடிக்காததற்குப் பின்னால் பிடித்ததை வைக்கும் இந்த விதியை உளவியலாளர் டேவிட் பிரீமாக் 1959-ல் எழுதினார். "சாப்பிட்டுவிட்டு விளையாடப் போ" என்று நம் பாட்டிகள் எப்போதோ சொன்னதுதான்.

அதற்கு முன் ஒன்று. வாய்ப்பாடே தெரியாத பிள்ளைக்கு எந்தப் பரிசும் வகுத்தலைச் சொல்லித்தராது. அவள் எந்தப் படியில் நிற்கிறாள் என்று பாருங்கள். விடுதி என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: சாப்பாடு, தூக்கம், கழிப்பறை, வீட்டிலிருந்து வரும் போன் ஆகிய எதையும் "ஒழுங்காக இருந்தால்தான்" என்ற பட்டியலில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: அரையாண்டுத் தேர்வு வரை சண்டை போடாமல் இருந்தால் சைக்கிள் என்று சொன்னோம். நான்கு நாள் தாண்டவில்லை. தினமும் சாயங்காலம் தட்டுவடை செட்கூட வாங்கித் தருகிறோம். (தாய், செவ்வாய்ப்பேட்டை)

சைக்கிள் வெகுதூரத்தில் இருக்கிறது. தட்டுவடை செட்டோ சும்மாவே கிடைக்கிறது. பிறகு எதற்காக அவன் கையை அடக்க வேண்டும்?

காலை, மதியம், மாலை என்று நாளை மூன்றாகப் பிரித்து, சண்டையில்லாத ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு புள்ளி போடுங்கள். முதல் வாரம் நாளுக்கு ஒரு புள்ளியே போதும் என்று வையுங்கள். புள்ளி கிடைத்த நாளில், தள்ளுவண்டிக்காரரிடம் அவனே காசு கொடுத்து, காரம் எவ்வளவு என்று அவனே சொல்லி வாங்கட்டும். மதியம் சண்டை போட்டால் மதியப் புள்ளி கிடையாது. காலையில் சம்பாதித்ததை அழிக்காதீர்கள். அழித்தால் மாலைவரை அடங்கியிருக்க அவனுக்கு ஒரு காரணமும் மிஞ்சாது.

கேள்வி: எல்லோர் முன்னாலும் கைதட்டிப் பாராட்டினேன். வரைந்த படத்தைக் கிழித்துவிட்டாள். (ஆசிரியர், ஓமலூர்)

நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பது சிலருக்குத் தண்டனை. அவள் மேசையைக் கடக்கும்போது மெதுவாக, "கோபம் வந்தும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாயே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பதிலுக்கு நிற்க வேண்டாம்.

கேள்வி: பிடித்த பரிசைக் கண்டுபிடித்துவிட்டோம். இனி அதையே தொடரலாமா? (சிறப்பாசிரியை, அஸ்தம்பட்டி)

வேலை செய்கிறவரை தொடருங்கள். சண்டைகளின் எண்ணிக்கை மறுபடி ஏறத் தொடங்கினால் சீட்டுகளை மீண்டும் எடுங்கள். சாவிக்கொத்துப் பையனிடம் மூன்று மாதம் கழித்து நீட்டியபோது செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதைத்தான் அதிக முறை எடுத்தான். சாவிக்கொத்து மூன்றாம் இடத்துக்குப் போயிருந்தது. தேன்மிட்டாய் அப்போதும் கடைசிதான்.