பச்சை இன்ஜெக்டர் என்று கேட்டு வாங்காதீர்கள்

கேள்வி: டர்போ பொருத்தி மாற்றியமைத்த பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தூவும் நான்கு இன்ஜெக்டர்களில் ஒன்று ஒழுகுகிறது. கம்பெனி பொருத்தியவை அல்ல, பச்சை நிறத்தில் இருக்கின்றன. பழைய உரிமையாளருக்கும் விவரம் தெரியவில்லை. அதே இன்ஜெக்டர் எப்படிக் கிடைக்கும்?

பதில்: முதலில், ஒழுகலை நிறுத்தும்வரை வண்டியை எடுக்காதீர்கள். சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கும். ஒழுகல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாய்) செருகும் மேல்முனையில் என்றால், ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) மாற்றினாலே சரியாகிவிடலாம்.

அடுத்து, நிறத்தை மறந்துவிடுங்கள். ஒரே பச்சையில் வெவ்வேறு அளவு இன்ஜெக்டர்கள் உண்டு. இன்ஜின் ஆறியதும் ரெயிலில் அழுத்தத்தை இறக்கி, கழற்றி, உடம்பைத் துடைத்துப் பாருங்கள். பாஷ் கம்பெனி இன்ஜெக்டர் என்றால் 0 280 என்று தொடங்கும் பத்து இலக்க எண் இருக்கும். அழிந்திருந்தாலும், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் பல நேரம் தடம் தெரியும்.

எண்ணே இல்லையா? மல்டிமீட்டரை இரண்டு பின்களில் வையுங்கள். 12 முதல் 16 ஓம் வந்தால் ஹை இம்பீடன்ஸ் (மின்தடை அதிகமான வகை). 2, 3 ஓம் வந்தால் லோ இம்பீடன்ஸ். இதில் மட்டும் தவறவே கூடாது. ஹை இம்பீடன்ஸுக்கான ஈசியூவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) லோ இம்பீடன்ஸை நேராக மாட்டினால், இன்ஜெக்டரை இயக்கும் அதன் டிரைவர் சர்க்யூட் எரிந்துபோகலாம். கனெக்டர், நீளம், ஓ-ரிங் விட்டம் எல்லாம் அளந்து குறித்துக்கொண்டால் போதும்.

எவ்வளவு பெட்ரோல் பாய்ச்சும் என்பதுதான் பெரிய கேள்வி. கம்பெனி ஈசியூவுக்குப் பதிலாகத் தனி ஈசியூ போட்டிருந்தால் லேப்டாப்பை இணைத்து அமைப்புகளைத் திறந்து பாருங்கள். டியூன் செய்தவர் இன்ஜெக்டர் அளவை அங்கே பதிந்திருப்பார். இல்லாவிட்டால் நான்கையும் டெஸ்ட் பெஞ்சில் அளக்கக் கொடுங்கள். எந்த அழுத்தத்தில் அளந்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 440 சிசி தரும் இன்ஜெக்டர், 4 பாரில் சுமார் 508 தரும். அழுத்தம் சொல்லாத சிசி கணக்கு எதற்கும் உதவாது.

வாங்கும்போது ஒன்றை மட்டும் வாங்காமல், ஒன்றாக அளந்து பொருத்தம் பார்த்த நான்கையும் வாங்குங்கள். ஒரு சிலிண்டருக்கு மட்டும் பெட்ரோல் குறைந்தால், டர்போ அழுத்தத்தில் அந்த பிஸ்டன்தான் முதலில் போகும். போலிகள் ஏராளம், அதனால் பாய்ச்சும் அளவைக் காட்டும் ஃபுளோ ரிப்போர்ட்டும், வோல்டேஜ் வாரியான டெட் டைம் (மின்சாரம் வந்தபின் இன்ஜெக்டர் திறக்கும்வரை ஆகும் தாமதம்) அட்டவணையும் கேளுங்கள். தராதவரிடம் வாங்காதீர்கள். ஓட்டை பெரிதாக்கிய பழைய இன்ஜெக்டர் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் பனிபோலத் தூவாமல் தாரையாக ஊற்றும்.

அப்புறம், வேறு மாடல் மாட்டினால் புதிய அளவையும் டெட் டைமையும் ஈசியூவில் ஏற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.