வாசகர் கேள்வி: பலாலியிலிருந்து மீனம்பாக்கம்

கேள்வி: அப்பாவைக் கண் வைத்தியத்துக்குச் சென்னை கூட்டிக்கொண்டு போகவேணும். முழங்கால் வருத்தக்காரர், கனநேரம் காலை மடக்கி இருக்கமாட்டார். இணையத்தில் தூரம் 355 கிலோமீற்றர், பறப்பு 27 நிமிடம் என்று கிடக்கு. ரிக்கற்றில் ஒன்றேகால் மணித்தியாலம். எதை நம்புறது?
(வாசகி, உரும்பிராய்)

பதில்: தூரத்தை நம்புங்கோ பிள்ளை, 27 நிமிடத்தை விட்டிடுங்கோ.

தூரத்தை நீங்களே போட்டுப் பார்க்கலாம். பலாலி 80.07 பாகை நெடுங்கோட்டில் இருக்கு, மீனம்பாக்கம் 80.18. அநேகமாக ஒரே கோடு. ஆகவே அகலக்கோட்டைக் கழித்தால் காணும்: 13.0 இல் 9.8 போக 3.2. பாகைக்கு 111 கிலோமீற்றர்படி 355 வரும். பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்த காலம் முழுக்க இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனான். அப்போது பலாலியில் இருந்து சென்னைக்கு ஏற வழியில்லை. கொழும்புக்கு இரவு பஸ், பிறகு கட்டுநாயக்கா. தெற்கே 400 கிலோமீற்றர் போய்த்தான் வடக்கே பறந்தோம். ஆனால் 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் பறப்பே இரத்மலானையில் எழும்பி, இங்கே இறங்கி, சென்னைக்குப் போனது. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறபட்டது எங்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று நோயாளியை வைத்திருக்கிற வீட்டுக்குத் தெரியும்.

நேரத்துக்கு வருவோம். 27 நிமிடம் என்பது ஜெற் விமானத்தின் வேகத்தால், மணிக்கு 800 கிலோமீற்றரால், தூரத்தைப் பிரித்த விடை. அலையன்ஸ் எயாரும், 2024 இல் வந்த இன்டிகோவும் இந்த வழியில் விட்டது காற்றாடி சுழலும் ஏரீஆர் 72. அதன் வேகம் மணிக்கு 500 அளவில். அந்த வேகத்திலேயே முழுத்தூரமும் போனாலும் 43 நிமிடம். மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் அதைவிடக் குறைவு. சென்னையில் மற்ற விமானங்களோடு வரிசையிலும் நிற்கவேணும். ரிக்கற்றில் உள்ள நேரம், விமானம் நின்ற இடத்தைவிட்டு அசைந்ததிலிருந்து போய்த் தரிக்கும்வரை.

அப்பாவின் முழங்காலுக்கு நல்ல செய்தி: ஏரீஆரில் ஒரு பக்கத்துக்கு இரண்டு இருக்கைதான், நடு இருக்கை இல்லை. நடைபாதைப் பக்கம் கேட்டு வாங்குங்கோ. ஏறும் கதவு பின்பக்கம். பின்வரிசை எடுத்தால் உள்ளே நடக்கிற தூரம் குறைவு. படியும் பெரிய விமானத்தைப்போல உயரமில்லை. சக்கர நாற்காலியை ரிக்கற் போடும்போதே சொல்லிவிடுங்கோ, அங்கே போய்க் கேட்கலாம் என்று இருக்கவேண்டாம். அவரைக் களைக்கவைப்பது பறப்பு அல்ல. நேரத்தோடு போய்க் காத்திருப்பதும், குடிவரவு வரிசையும், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற சென்னை ரோட்டும்தான். இறங்கின அன்றைக்கே வைத்தியரிடம் நேரம் குறிக்காதேங்கோ.

கேள்வி: திருச்சி பலாலிக்குப் பாதித் தூரம்தானே. பிறகேன் பறப்பு நேரம் பாதியாகவில்லை?
(மாணவன், சாவகச்சேரி)

பதில்: நல்ல கேள்வி, தம்பி. திருச்சி மேற்கே தள்ளி இருப்பதால் கழித்தல் மட்டும் போதாது, பைதகரஸ் வேணும்: வடக்கே 108, மேற்கே 149, நேர்கோடு 184 கிலோமீற்றர். சென்னைத் தூரத்தில் பாதிதான். மணிக்கு 500 என்றால் மிச்சமாவது 20 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் தூரம் குறைந்தாலும் குறையாது. அதுதான் திருச்சிக்கும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் போடுகிறார்கள்.

கேள்வி: அங்கே இறங்கினதும் மணிக்கூட்டை மாற்றவேணுமா?
(வாசகர், காரைநகர்)

பதில்: வேண்டாம். 2006 ஏப்ரல் தொடக்கம் இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.