மாத்திரை என்றால் விட்டுவிடுகிறார்கள்

அன்புள்ள ஐயா,

நான் குடிப்பதில்லை. கொள்கை எல்லாம் கிடையாது, பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அலுவலக விருந்துகளில் இதைச் சொன்னால் ‘ஒரு வாய்தானே’, ‘எங்களோடு சேர மாட்டீர்களா’ என்று அரைமணி நேரம் பஞ்சாயத்து நடக்கிறது. சென்ற முறை ‘மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று பொய் சொன்னேன். உடனே விட்டுவிட்டார்கள். பொய்க்குக் கிடைக்கும் மரியாதை உண்மைக்கு ஏன் இல்லை?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாத்திரை யாரையும் குறை சொல்வதில்லை, அதனால்தான். ‘பிடிக்கவில்லை’ என்று நீங்கள் உங்களைப் பற்றித்தான் சொல்கிறீர்கள். அது அவர்கள் காதில் அவர்களைப் பற்றியதாக விழுகிறது. அடுத்த முறை கவனியுங்கள். நீங்கள் ஒன்றுமே கேட்டிருக்க மாட்டீர்கள், பக்கத்தில் இருப்பவர் கோப்பையை மெல்லக் கீழே வைத்துவிட்டு, “நானும் மாசத்துக்கு ஒரு தடவைதான், அதுவும் இவங்க கூப்பிட்டா” என்று கணக்கு ஒப்பிப்பார்.

ஜூலியா மின்சன், பெனுவா மோனின் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அசைவம் சாப்பிடுகிறவர்களிடம், சைவர்கள் என்றதும் தோன்றும் சொற்களைக் கேட்டார்கள். 47 சதவீதம் பேர் மட்டம்தட்டும் சொல் ஒன்றையாவது சொன்னார்கள். இன்னொரு சோதனையில், ‘சைவர்கள் உங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்?’ என்று முதலில் யோசிக்க வைத்துவிட்டு அவர்களை மதிப்பிடச் சொன்னபோது, மதிப்பு இன்னும் இறங்கியது. இத்தனைக்கும் எந்தச் சைவரும் அங்கே வாயைத் திறக்கவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸப்பை விட்டபோது, “அப்போ நாங்கல்லாம் வேலைவெட்டி இல்லாதவங்களா?” என்று ஓர் உறவினர் சண்டைக்கே வந்தார். ஆனால் முதல் ஆறு மாதம், கேட்காதவர்களிடமும் நான் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாங்கிக் கட்டிக்கொண்டதில் பாதி நியாயம்தான்.

சரி, பொய். பெரிய குற்றமில்லை. ஆனால் அடுத்த விருந்தில் “மாத்திரை முடிஞ்சுதா?” என்பார்கள். காரணமே சொல்லாதீர்கள், சொன்னால் அதற்கு ஒரு மறுப்பு தயாராக இருக்கும். சிரித்துக்கொண்டே ‘வேண்டாம்’ என்றால் போதும். அப்புறம், துணை தேடுங்கள். 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளின் நீளத்தை வைத்து நடத்திய சோதனைகளில், அறையே தப்பான விடையைச் சொன்னாலும், சரியாகச் சொல்ல ஒரே ஓர் ஆள் கூட இருந்தால் கூட்டத்துக்குத் தலையாட்டுவது வெகுவாகக் குறைந்தது. உங்கள் விருந்திலும் அரைமணி நேரமாகக் குறையாத கோப்பையை ஏந்தியபடி ஒருவர் நிற்பார். அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். என்ன மாத்திரை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.