வீட்டில் பிரெட்டும் டின்னர் ரோலும்: கேள்வி பதில்

கேள்வி (திருச்சி): செய்முறையில் சொன்னபடி மாவை ஒன்றரை மணி நேரம் மூடி வைத்தேன். நன்றாக எழும்பியிருந்த பன்கள் அவனில் வைத்ததும் அமுங்கிவிட்டன. கள் வாடையும் வந்தது. ஈஸ்ட் கெட்டுப்போயிருக்குமா?

பதில்: ஈஸ்ட் கெட்டிருந்தால் மாவு எழும்பியே இருக்காது. பிசகு நேரக் கணக்கில்தான் இருக்கிறது. இப்படி நேரம் சொல்லும் செய்முறைகளில் பெரும்பாலானவை 21 முதல் 24 டிகிரி வெப்பமுள்ள சமையலறையை நினைத்து எழுதப்பட்டவை. சித்திரை மாதத்தில் 34 டிகிரியைத் தொடும் நம் சமையலறையில் அதே மாவு முக்கால் மணி நேரத்திலேயே இருமடங்காகிவிடும் என்பதால், அதற்குமேல் காத்திருப்பது மாவைத் தாங்கி நிற்கும் குளூட்டன் என்ற புரத வலையைத் தளர்த்தவும் புளிப்பைக் கூட்டவுமே உதவும். 500 கிராம் மைதாவுக்கு 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்று எழுதியிருந்தால் 4 கிராம் போடுங்கள். கோடையில் குளிர்ந்த பாலிலேயே பிசையுங்கள்.

உருட்டி அடுக்கிய பன்னை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். பள்ளம் சட்டென்று மேலெழுந்தால் பொறுக்கலாம்; மெதுவாக, பாதியளவு மீண்டால் அதுவே அவனில் வைக்கும் நேரம்; மீளவே இல்லையென்றால் பருவம் தாண்டிவிட்டது. அப்போதும் எறிந்துவிட வேண்டாம். காற்றை வெளியேற்றி மறுபடி உருட்டி, குறைந்த நேரம் எழும்பவிட்டால் பெரும்பாலும் தேறிவிடும்.

கேள்வி (கோவை): பதினைந்து டின்னர் ரோல்களுக்குக் கப் கணக்கில் அளவு சொல்வீர்களா?

பதில்: கப்பை விட்டுத் தராசுக்கு மாறுங்கள் என்பதே என் முதல் பதில், அள்ளும் கையைப் பொறுத்து ஒரு கப் மைதா 120 கிராமாகவும் இருக்கும், 150 கிராமாகவும் இருக்கும். மைதா 500 கிராம், பால் 300 மி.லி., சர்க்கரை 40 கிராம், வெண்ணெய் 40 கிராம், உப்பு 10 கிராம், ஈஸ்ட் 4 கிராம். எழும்பிய மாவைத் தலா 60 கிராம் அளவில் உருட்டி, மீண்டும் எழும்பவிட்டு, முன்கூட்டியே சூடாக்கிய அவனில் 180 டிகிரியில் சுமார் 20 நிமிடம் சுட வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண மைதாவில், வெளிநாட்டுச் செய்முறைகள் கேட்கும் பிரெட் மாவைவிடப் புரதம் குறைவு; அது அத்தனை ஈரத்தை இழுக்காது என்பதால், பாலில் கடைசி 30 மி.லி.யை நிறுத்தி வைத்துத் தேவைக்கேற்ப ஊற்றுவதே நல்லது. ஒட்டுகிறதே என்று மைதாவைத் தூவிக்கொண்டே போனால் பன் கல்லாகும். பத்து நிமிடம் பிசைந்தால் ஒட்டுதல் தானாகவே குறையும்.

கேள்வி (சேலம்): உப்பு ஈஸ்ட்டைக் கொன்றுவிடும் என்கிறார்களே?

பதில்: இந்த அளவு உப்பு கொல்லாது, வேகத்தை மட்டுப்படுத்தும், நம் வெயிலுக்கு அதுவும் நல்லதே. கொல்வது கொதிக்கக் காய்ச்சி ஆறாமல் ஊற்றும் பால்தான்.

கேள்வி (மதுரை): முழுக் கோதுமை மாவில் செய்தால் செங்கல்லாகிவிடுகிறது.

பதில்: தவிடு குளூட்டன் வலையை அறுக்கிறது, ஈரத்தையும் குடிக்கிறது. 500 கிராம் மாவுக்குப் பாலை 350 மி.லி.யாக உயர்த்தி, மாவையும் பாலையும் மட்டும் கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, பிறகு மற்றவற்றைச் சேர்த்துப் பிசையுங்கள். பாதி மைதா கலப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கேள்வி (யாழ்ப்பாணம்): வீட்டில் சுட்ட பாண் மறுநாளே வறண்டுவிடுகிறது; குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் மோசம்.

பதில்: வெந்த மாச்சத்து மீண்டும் இறுகுவதுதான் காரணம், உறையாத அந்தக் குளிரில் அது மிக வேகமாக நடக்கும். ஒரு நாளுக்கு வேண்டியதை வெளியே மூடி வைத்து, மீதியைத் துண்டுபோட்டு ஃப்ரீசரில் வையுங்கள். மென்மை நீடிக்க வேண்டுமானால், மொத்த அளவிலிருந்தே 25 கிராம் மாவையும் 125 மி.லி. பாலையும் எடுத்துக் கூழாகக் காய்ச்சி, ஆறியபின் மாவுடன் சேர்த்துப் பிசையலாம்.

கேள்வி (சென்னை): மூன்றாம் நாள் பிரெட்டைப் பிய்த்தால் நூல் நூலாக இழுபடுகிறது, பழுத்த பழம்போல் வாடை அடிக்கிறது. பூசணம் எதுவும் தெரியவில்லை.

பதில்: சாப்பிட வேண்டாம். இது பேசில்லஸ் வகைப் பாக்டீரியாவின் வேலை. அவன் எவ்வளவு சூடாக இருந்தாலும் பிரெட்டின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால், மாவோடு வந்த, சூட்டைத் தாங்கும் அதன் வித்துகள் பிழைத்துக்கொண்டு, வெக்கையும் ஈரமும் சேரும் நாள்களில் பெருகுகின்றன. பலகை, கத்தி, டப்பா எல்லாவற்றையும் கழுவி வினிகரால் துடையுங்கள். அடுத்த முறை மாவில் இரண்டு தேக்கரண்டி வினிகர் சேருங்கள். முழுதும் ஆறும் முன் பையில் போட்டுக் கட்டாதீர்கள்.