குளத்தில் கொட்டிய மருந்து எங்கே போகிறது?

கேள்வி: ஒரு ஏக்கர் குளத்தில் கட்லா, ரோகு வளர்க்கிறேன். வயிறு ஊதி, செதில் விறைத்து, துடுப்படியில் ரத்தம் கட்டிச் சாகின்றன. போன வருடம் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் பவுடரைக் கரைத்து ஊற்றியதும் சாவு நின்றது. இந்த முறை இரண்டு மடங்கு ஊற்றியும் நிற்கவில்லையே?
— வாசகர், ஒரத்தநாடு

பதில்: அடையாளங்களைப் பார்த்தால் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா போலத் தெரிகிறது. அந்தப் பாக்டீரியா எந்தக் குளத்திலும் இருக்கும். விடியற்காலையில் ஆக்ஸிஜன் குறைந்தாலோ, அமோனியா ஏறினாலோ, இழுவலையில் அடிபட்டாலோதான் மீனைப் பிடிக்கும்.

போன வருடம் மருந்துதான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாது. மழை பெய்து தண்ணீர் மாறியிருக்கலாம். நோஞ்சான் மீன்கள் செத்து முடிந்திருக்கலாம். கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கரில் ஒரு மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 40 லட்சம் லிட்டர். ஒரு கிலோ சுத்த மருந்தையே கொட்டினாலும் லிட்டருக்குக் கால் மில்லிகிராம்தான். அதிலும் ஒரு பங்கைக் கால்சியமும் மெக்னீசியமும் பிடித்துக்கொள்ளும், ஒரு பங்கை வெயில் சிதைக்கும், மிச்சம் சேற்றில் இறங்கும். கொல்லப் போதாத அந்த அளவில் தாக்குப்பிடிக்கும் கிருமிகள் மட்டும் பெருகும். மருந்தை எதிர்க்கும் மரபணுவை பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தின் வழியாக வேறு இனக் கிருமிகளுக்கும் அவை கொடுத்துவிடும். மடங்கைக் கூட்டக் கூட்ட இதுதான் நடக்கும்.

இனி செய்ய வேண்டியது: தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள். செத்த மீன்களை உடனே அள்ளி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கரையில் வீசினால் காக்கை அடுத்த குளத்துக்குக் கொண்டுபோகும். காலை 5 மணிக்கு ஆக்ஸிஜன், பி.எச். (தண்ணீரின் அமில-காரத் தன்மை), அமோனியா மூன்றையும் பாருங்கள். பி.எச். ஏற்கெனவே 8.5-க்கு மேல் இருந்தால் சுண்ணாம்பைக் குளத்துப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அமோனியாவின் விஷம் கூடும்.

பரிசோதனைக்குச் செத்த மீன் உதவாது. சில மணி நேரத்திலேயே வேறு கிருமிகள் உள்ளே புகுந்துவிடும். தள்ளாடும் மீன் மூன்று நான்கை ஆக்ஸிஜன் பையில் உயிரோடு மீன்வளப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். சிறுநீரகத்திலிருந்து கிருமியை எடுத்து வளர்த்து, எந்த மருந்து தோய்த்த வில்லையைச் சுற்றி அது வளராமல் நிற்கிறது என்று பார்ப்பார்கள். சில நாளாகும், பொறுங்கள். கடைக்காரர் அமாக்சிசிலின் நீட்டினால் வாங்காதீர்கள். ஏரோமோனாஸுக்கு இயல்பிலேயே அது பலிக்காது.

ஆக்ஸிடெட்ராசைக்ளின் கேட்கும் என்று முடிவு வந்தால், மீன்நல நிபுணரின் சீட்டோடு தீவனத்தில்தான் கொடுக்க வேண்டும். ஒரு கிலோ மீனுக்கு நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் என்று அவர் எழுதினால், 800 கிலோ மீனுக்கு 60 கிராம். மீன் எடையில் 2 சதவீதம் தீவனம் போட்டால் 16 கிலோ, கிலோவுக்கு 3.75 கிராம் கலக்க வேண்டும். இது சுத்த மருந்தின் கணக்கு. பாக்கெட்டில் எத்தனை சதவீதம் மருந்து என்று பார்த்து, அதற்கேற்பப் பவுடரின் அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். எண்ணெய் பூசி நிழலில் உலர்த்திப் போடுங்கள். நான்காம் நாள் சாவு நின்றதும் நிறுத்திவிடாதீர்கள், எழுதிய நாள் முழுக்கக் கொடுங்கள். தீனி எடுக்காத மீனுக்கு மருந்து போகாது, அதனால் தாமதித்தால் பலனில்லை.

கேள்வி: குளத்தின் மேலேயே கோழிக் கொட்டகை போட்டால் எருச் செலவு மிச்சமாகுமே?
— வாசகர், நாமக்கல்

பதில்: எருச் செலவு மிச்சம்தான். கோழிக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கில் கணிசமான பங்கு எச்சத்தோடு வெளியே வந்து, எதிர்ப்புள்ள கிருமிகளுடன் நேரே தண்ணீரில் விழும். கோலிஸ்டினைக் கோழிக்கும் மீனுக்கும் இந்திய அரசு 2019-இல் தடை செய்தது; மனிதருக்கு வேறு மருந்து கேட்காதபோது கொடுக்கும் கடைசி மருந்துகளில் ஒன்று அது. எரு வேண்டுமென்றால் குவித்து மக்கவைத்துப் போடுங்கள். சூடேறி மக்கினால் கிருமிகளில் பெரும்பகுதி சாகும். தங்கியிருக்கும் மருந்தும் குறையும், ஆனால் முழுக்கப் போகாது.

கேள்வி: நோய் வராமலிருக்க மாதம் ஒருமுறை மருந்து போடலாமா?
— வாசகர், மேட்டூர்

பதில்: கூடாது. ஏக்கருக்கு 4,000 குஞ்சுக்கு மேல் விடாதீர்கள், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் வையுங்கள்.

கேள்வி: மருந்து கொடுத்த மீனை எப்போது பிடிக்கலாம்? கொதிக்கவைத்தால் மருந்து போய்விடாதா?
— வாசகர், திருவாரூர்

பதில்: கொதியில் கிருமி சாகும், மருந்து முழுக்கப் போகாது. சீட்டிலோ லேபிளிலோ நாள் குறிப்பிடாவிட்டால் 500 பாகை-நாள் (தண்ணீரின் வெப்பத்தை நாள்தோறும் கூட்டினால் 500 வரும் வரை) கணக்கைப் பின்பற்றலாம்: தண்ணீர் 28 டிகிரி என்றால் 500-ஐ 28-ஆல் வகுத்து 18 நாள். குளிர் காலத்தில் நாள் கூடும். குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபுரான் இரண்டும் உணவு மீனுக்குத் தடை செய்யப்பட்டவை, எத்தனை நாள் காத்திருந்தாலும்.