பல்கலைக்கழகமும் அருங்காட்சியகமும் சேர்ந்து பயிற்சி தருவதால் என்ன பயன்?

"பழம்பொருள்களைப் பற்றி வகுப்பில் படித்தால் போதாதா, அருங்காட்சியகத்தோடு எதற்குக் கூட்டு?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. பழைய நாற்காலி ஒன்றைக் கவிழ்த்து, அடிப்பலகையில் இழைப்புளி விட்டுப்போன தடத்தை விரலால் தடவிப் பார்த்தால்தான் அது கையால் இழைத்ததா, இயந்திரத்தில் அறுத்ததா என்பது பிடிபடும். அமெரிக்காவில் பழைய மரச்சாமான்களுக்கும் அலங்காரப் பொருள்களுக்கும் பெயர்பெற்ற வின்டர்தூர் அருங்காட்சியகமும் டெலவேர் பல்கலைக்கழகமும் 1952-லேயே சேர்ந்து முதுகலைப் படிப்பு தொடங்கின. அங்குள்ள பொருள்களே மாணவர்களுக்குப் பாடம். 1974-இல் கலைப்பொருள்களைச் சிதையாமல் பேணும் பாதுகாப்புக்கும் தனிப் படிப்பு வந்தது.

சரி, அருங்காட்சியகத்துக்கு என்ன லாபம்? பல வருடம் வேலை பார்த்த ஊழியர்களும் பல்கலைக்கழக ஆய்வகத்தில் புதிய முறைகளைக் கற்கலாம்.

அப்புறம், பயிற்சி பெறும் மாணவருக்கு உதவித்தொகையும் கற்றுத்தரும் ஊழியருக்கு அதற்கான நேரமும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் மாணவர் சம்பளமில்லாமல் பெட்டி தூக்குவதோடு சரி.